நீதிபதியின் கொம்புக் கண்ணாடி

பொய்யாக நடிப்பதற்கென்று செய்யப்படும் ஒரு பொருள் எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்? புருலின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றும். எங்கள் மலைநாட்டில், நாரின் என்னும் ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன நாடக அரங்கில் உடை தைப்பவள் அவள். மேடைக்கான மூக்குக்கண்ணாடிகளும் அவள் கைவேலைதான். யாக் என்னும் மலை எருதின் கொம்பைக் கொதிநீரில் ஊறப்போட்டு, இளகியதும் மர அச்சில் வளைத்து, கம்பளித் துணியால் தேய்த்து மெருகேற்றுவாள். அவள் செய்வதெல்லாம் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். அவள் தைத்த அரசர் அங்கிக்குள் நடிகர்கள் வெந்து மயங்கியிருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டங்களில் மட்டும் தேடியும் குறை கிடைக்கவில்லை.

அவற்றில் கண்ணாடி வில்லை கிடையாது. விளக்கு பட்டு மினுங்கும் என்று இயக்குநர் அசன்குல் தடை போட்டிருந்தார். அவதிப்பட்டவர் ஓர்மோன். நகைச்சுவை நாடகத்தில் பேராசைக்கார நீதிபதி அவர். தன் தடித்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வெறும் சட்டத்தை மாட்டிக்கொண்டு குத்துமதிப்பாக மேடையேறுவார்.

விருந்துக் காட்சியில் வேகவைத்த ஆட்டுத்தலையை மூத்த விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும். ஒருநாள் அதைப் பயபக்தியோடு விருந்தாளியின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் வசனம் கேட்கவில்லை.

"ஓர்மோன் அண்ணே, தலைய யாருக்குக் குடுக்கணும்னு கூடவா தெரியாது?" என்றார் அசன்குல்.

"அவரு தொப்பியும் வெள்ளை, அவ தலைப்பாகையும் வெள்ளை. எனக்கு ரெண்டும் ஒரே பனிக்குவியல்தான்."

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா எமில்தான் நீதிபதி. அவனுக்கு வசனம் பூரா மனப்பாடம்."

இளைஞன் எமில் அடக்கமாகத் தரையைப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகவே அடக்கம்.

ஓர்மோனுக்கு அந்த வேடத்தை விட்டால் வேறு வேடம் இல்லை. மறுநாள் அவருடைய பழைய கண்ணாடியிலிருந்து வில்லைகளைக் கழற்றி, அரத்தால் ராவி, கொம்புச் சட்டத்தில் பொருத்தினாள் புருல். விளக்கு பட்டு மினுங்காதபடி வில்லைகளைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தாள். நீதிபதியின் தொப்பி விளிம்பையும் அகலமாக்கினாள், நிழல் விழட்டும் என்று.

அன்று மாலை முதல் பாதி முழுக்க ஓர்மோன் திக்கினார். இடைவேளையில் ஓடிவந்தார்.

"தங்கச்சி, இதக் கழட்டு. எல்லார் மூஞ்சியும் தெரியுது."

"தெரியத்தானே அண்ணே பண்ணினேன்."

"என் சம்பந்தி கொட்டாவி விடறாரு. அவரு பொண்டாட்டி சூரியகாந்தி வெத கொறிச்சுத் துப்பறா. இத்தன வருசமா இதுங்க முன்னாடியா நடிச்சேன்?"

"கழட்டினா ஆட்டுத்தல யாருக்குப் போகும்?"

அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். அடுத்த காட்சி விருந்து. பக்கத்தில் தட்டில் ஆட்டுத்தலை தயாராக ஆறிக்கொண்டிருந்தது. புருல் அதன் கன்னத்திலிருந்து விரல்நுனியில் கொழுப்பை வழித்து, வில்லைகளின் மேல்பாதியில் பூசினாள்.

"நேராப் பாத்தா மூடுபனி. குனிஞ்சு பாத்தா விருந்தாளி. போயிட்டு வாங்க."

"நாறுதே."

"நீதிபதிதானே, பொருத்தமாத்தான் இருக்கும்."

விருந்தாளிகள் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஓர்மோன் குனிந்தார், பார்த்தார், தலை சேரவேண்டிய மடியில் சேர்ந்தது. நிமிர்ந்தபோது சம்பந்தி மூடுபனியில் மறைந்திருந்தார். அதற்குப் பின் ஓர்மோன் நடித்தது நன்றாகவே இருந்தது. நான் இதை எளிதில் சொல்பவனல்ல.

திரை விழுந்ததும் அசன்குல் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வில்லை இருக்கு, ஆனா மினுங்கவே இல்லையே. அக்கா, அச்சு இருக்குதில்ல, எமில் அளவுக்கும் ஒண்ணு பண்ணி வெச்சிருங்க. எதுக்கும் இருக்கட்டும்."

"சரி," என்றாள் புருல்.

தையலறைக்குப் போனாள். மாடத்திலிருந்து மர அச்சை எடுத்தாள். வாதுமை மரத்தில் அவளே செதுக்கியது. அதில் வளைக்காத சட்டம் எதுவும் எங்கள் அரங்கில் இல்லை; அது இல்லாமல் புதிதாக ஒன்றை வளைக்கவும் முடியாது. அடுப்பின் கதவைத் திறந்து அதை உள்ளே வைத்தாள். அது பற்றிக்கொள்ளும்வரை பார்த்துவிட்டு, மேலே தேநீர்ப் பாத்திரத்தை ஏற்றினாள்.

ஏன் என்று பின்னாலேயே வந்த நாங்கள் கேட்டோம். சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்று அவள் கேட்டாள்.