விழுகிறவனைப் பார்க்கிறவள்

என் நாத்தனாருக்கு எங்கள் தேவாலயச் சபையில் வைத்த பெயர் சென்சார் அக்கா. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. புதிதாக ஒரு சண்டைப் படம் வந்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றோர்கள் வண்டியைக்கூடக் கிளப்பாமல் ஆலய வாசலில் நிற்பார்கள். "அக்கா, பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாமா?"

கெட்ட வார்த்தை, அரைகுறை ஆடை என்று மற்றவர்கள் தேடுவதை அவர் அவ்வளவாகத் தேடமாட்டார். கதாநாயகனையும் பார்க்கமாட்டார். அடி வாங்கி விழுகிறவனையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் வலியைப் படம் மதிக்கிறதா, இல்லை குப்பையைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போகிறதா என்பதுதான் அவருடைய தராசு. "வழியில அடிபட்டுக் கிடந்தவன பாக்காமப் போனவங்க கதைய காலைல பைபிள் வகுப்புல சொல்லிக் குடுக்குறோம். சாயங்காலம் அதே தப்புக்குக் கை தட்டச் சொல்றதா?" என்பார்.

அதனால் ரத்தம் தெறித்த ஒரு படத்துக்குப் பெரிய பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். சொட்டு ரத்தமில்லாத ஒரு சிரிப்புச் சண்டைப் படத்தைக் கூடவே கூடாது என்றார். பெற்றோருக்குத் தலை சுற்றியது. அவரோடு படம் பார்ப்பதே ஒரு தண்டனை. "இந்தக் குத்து குத்தினா மொதல்ல ஹீரோவோட விரல்தான் நொறுங்கும்" என்று காதுக்குள் முணுமுணுத்தே மனுஷியைக் கொன்றுவிடுவார்.

இப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகன் போன வேலை என்ன தெரியுமா? சினிமாவில் அடி வாங்கி விழுகிற வேலை. "விழுறதுக்குச் சம்பளமாடா?" என்று இவர் கேட்க, அவன் ரோஷப்பட்டு வீட்டை விட்டுப் போனான். என்னிடம் மட்டும் பேசுவான். "அடியெல்லாம் படாது அத்தை, எல்லாம் நடிப்பு" என்பான்.

ஒரு நாள் அவனே அம்மாவைப் போனில் கூப்பிட்டான். "பெரிய படம்மா, நானும் இருக்கேன். இதையும் வாசல்ல நின்னு வேண்டாம்னு சொன்னா என்னையே வேண்டாம்னு சொன்ன மாதிரி. அப்புறம் உன்கிட்ட பேசவே மாட்டேன்."

அவன் சொன்னால் செய்கிறவன். போதாக்குறைக்கு, போதகரும் சபைப் பிள்ளைகளை அந்தப் படத்துக்கே அழைத்துப் போகலாம் என்றிருந்தார். ஊருக்குத்தான் உபதேசமா என்று பார்க்க ஊரே காத்திருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஒரு தடவை போகலாம்னு சொல்லிடுங்க அண்ணி. குடி ஒண்ணும் முழுகிடாது" என்றேன்.

இருவரும் போய்ப் பார்த்தோம். முகமூடி போட்ட கும்பல் ஒன்று கதாநாயகன் மேல் பாய்ந்தது. அதில் ஒருவன் மாடிப்படியில் உருண்டான். உருளும்போது இடது கையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அண்ணி என் கையை இறுகப் பிடித்தார். "அவன்தான்."

சின்ன வயதில் அவன் சுவரேறி விழுந்து அந்தக் கையின் மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது எக்ஸ்ரே எடுத்தவரே அவர்தான். அதன் பிறகு எங்கே விழுந்தாலும் அந்தக் கையை அப்படித்தான் காப்பாற்றுவான். கதாநாயகன் அவன் முதுகை மிதித்து நின்று ஒரு ஜோக் அடித்தான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை கை தட்டியது. அண்ணி அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் எல்லோரும் கேட்க, "வேண்டாம்" என்றார்.

"உங்க பையன் இருக்குற படமாச்சே அக்கா?" என்றார் போதகர்.

"என் பையன் விழுறதப் பாத்துப் பிள்ளைங்க சிரிக்கப் பழக வேண்டாம் பாஸ்டர். மத்த படத்துல விழுறவனும் யாரோ பெத்த பிள்ளைதான்."

நல்ல சேதி நடந்து வரும், கெட்ட சேதி பறந்து வரும். சாயங்காலமே, அண்ணி என் பக்கத்தில் இருக்கும்போதே, என் போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டேன். "சொல்லிட்டாங்களாமே" என்றான். குரலில் அத்தனை கோபம்.

"சொல்லிட்டாங்க. நீ படியில உருண்டப்போ எல்லாரும் சிரிச்சாங்கன்னு அழவும் அழுதாங்கடா."

"முகமூடி போட்டிருந்தேனே அத்தை. நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அந்தக் கை இன்னும் வலிக்குதாடா?"

வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் வைக்கவில்லை.

"வலிக்குதும்மா" என்றான்.