அட்டையில் முதல் பெயர்

எங்கள் மலாபோன் தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பாசிங் அக்கா, கடனைத் தராமல் நழுவுகிறவர்களின் பெயரை ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள். தலைப்பு 'பலசுபாஸ்'. கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவனுக்கும் எங்கள் ஊரில் அதே வசவுதான்.

முதல் பெயர் ருஃபினோ, டிரைசைக்கிள் ஓட்டுகிறவன். ஏறுகிறவர்களில் பாதிப்பேர் 'நாளைக்குத் தரேன்' என்று இறங்கிப் போனால், அரிசிக் கடனை அவன் எதை வைத்து அடைப்பான்? அதை மட்டும் யாரும் அட்டையில் எழுதுவதில்லை. கடை வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான், பாவம்.

போன செவ்வாய் மத்தியானம் பாசிங்கின் மகளுக்குப் பிரசவ வலி. கொட்டுகிற மழையில் வேறு எந்த வண்டியும் வரவில்லை. ருஃபினோதான் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, கண்மண் தெரியாமல் பறந்தான்.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் பாசிங் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "ஐயோ, பர்ஸ மறந்துட்டேன்டா. நாளைக்குத் தரேன்."

ருஃபினோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பரவால்லக்கா. அட்டையில என் பேருக்குக் கீழ உங்க பேரையும் எழுதிருங்க."