இடது பக்கம் இரண்டு விரல்

இது நடந்தது. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் பாதியைச் சொல்வார்கள். மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். இருட்டினால்தான் பயம் என்று நினைக்கிறவர்கள் கேளுங்கள். எனக்கு அது சாயங்காலம் நாலரை மணிக்கு, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது.

எங்கள் ஊர் காவாந்தண்டலம். போன தை மாதம் அண்ணன் வினோத்குமார் தாமலிலிருந்து ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வந்து வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டப்... டப்... டப்... கடைசியில் மெல்லிசாக ஒரு கிலிங். உத்திரமேரூர் மெக்கானிக் ஆசாத் பாய் இரண்டு முறை வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தார். ஷாக் அப்சர்பர் மாற்றினார். புஷ் மாற்றினார். இடது பக்கம் வண்டி தாழ்ந்து நிற்கிறது என்று அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டார். சத்தம் போகவில்லை.

வேறு சமயமாக இருந்தால் அண்ணன் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பான். ஆனால் அக்கா சசிரேகா பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் குழந்தை வயிற்றில் தங்கவில்லை. மூன்று வருஷம் கழித்து உண்டானது இது. வலி எடுத்தால் இந்தக் காரில்தான் செங்கல்பட்டு போக வேண்டும். "நடு வழில பின்னால எதுனா ஒடிஞ்சி நின்னுச்சின்னா இன்னாடா பண்ணுவ?" என்று அம்மா தினமும் அண்ணனைப் பிடுங்கி எடுத்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஆசாத் பாயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"முன்னால குந்திக்கினு கேட்டா எங்க இருந்து வர்துன்னே தெர்ல வினோத்து. டிக்கில ஒரு ஆளு படுத்துக்கினு காது குடுக்கணும். என் ஒடம்புக்கு லாரிதான் பத்தும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "இதோ கீதே ஒண்ணு. வாயிதான் வராது. பக்கத்துத் தெருவுல கிசுகிசுத்தாகூட காதுல வுழுந்துடும்."

நான் பத்தாவதோடு நின்றவள். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். வாசலில் நின்றிருந்த அக்காவின் வயிற்றைப் பார்த்தேன். ஏறிப் படுத்தேன்.

"லெஃப்ட்ல கேட்டா தகரத்துல ஒரு தட்டு. ரைட்டுன்னா ரெண்டு. பயமா இருந்தா மூடிய குத்து, நிறுத்திடறோம். இன்னா பாப்பா?"

தலையாட்டினேன். ஆசாத் பாய் மூடியை முழுசாகச் சாத்தாமல் கயிற்றால் கட்டினார். காற்றுக்கு ஒரு விரல் சந்து விட்டிருந்தார். அதன் வழியாக ஒரு கோடு வெயில் என் முழங்காலில் விழுந்தது. மற்றதெல்லாம் இருட்டு.

வண்டி கிளம்பியது. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் முன்பே இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே உருளுவதற்கு என்னைத் தவிர எதுவும் இல்லை. பின்சீட்டின் முதுகுப் பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். ஏரிக்கரை மேட்டில் ஏறியதும் ஆரம்பித்தது.

டப்... டப்... டப்... கிலிங்.

இடது சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கும் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். தகரம் அதிர்ந்தது. ஆனால் சத்தம் அதில் இல்லை. வலது பக்கம் வைத்தேன். அதிலும் இல்லை. சீட்டின் முதுகில் வைத்தேன்.

அங்கே இருந்தது. சீட்டின் அந்தப் பக்கத்திலிருந்து. இடது ஓரம்.

இன்னொன்றும் தெரிந்தது. பள்ளத்தில் இறங்கினால் சத்தம் கூட வேண்டும். கூடவில்லை. நல்ல ரோட்டில் குறையவும் இல்லை. ஒரே தாளம்.

ஆடுகள் குறுக்கே வந்திருக்க வேண்டும், கழுத்து மணிகள் கேட்டன. வண்டி நின்றது. எஞ்சினும் அணைந்தது.

டப்... டப்... டப்... கிலிங்.

நிற்கிற வண்டியில்...

ஆசாத் பாய் பின்சீட்டுக்கு மாறி, தட்டிச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாய்?"

சத்தம் சட்டென்று நின்றது.

அது நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது இரும்பு முட்டுகிற சத்தம் இல்லை. உள்ளங்கை. குழந்தையைத் தூங்க வைக்கத் தட்டுவோமே, அந்தத் தட்டு. மூன்று தட்டு. பிறகு கை கொஞ்சம் ஓய்கிறது. ஓயும்போது வளையல்...

வண்டி மறுபடி கிளம்பியது. சத்தம் இல்லை.

மூச்சு விட்டேன்.

அப்போது என் முதுகில்...

டப்.

மெதுவாக.

டப்.

எனக்குப் பின்னால் மூடிதான் இருந்தது. ஒரு கை நுழைய இடமில்லை.

டப்.

கிலிங்.

மூடியைக் குத்தினேன். குத்திக்கொண்டே இருந்தேன்.

கயிறு அவிழ்ந்தது. வெளிச்சம். அண்ணனும் ஆசாத் பாயும் நின்றிருந்தார்கள். அதுவரை இரண்டு பேரும் முன்சீட்டை விட்டு இறங்கவே இல்லையாம். பின்சீட்டைப் பார்த்தேன். காலி.

"லெஃப்டா ரைட்டா பாப்பா?"

இடது பக்கம் கையை நீட்டினேன். "பின்சீட்ல... யாரோ கீறாங்க..."

"சரிதான், உள்ள தூங்கி கனா கண்டுக்கினு வந்து கீறா!" என்று அண்ணன் சிரித்தான்.

ஆசாத் பாய் சிரிக்கவில்லை. குனிந்து, டயருக்கும் மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை நுழைத்து அளந்தார். வலது பக்கம் நான்கு விரல் போயிற்று. இடது பக்கம் இரண்டு விரல்தான்.

"புது ஸ்பிரிங்குபா இது. உள்ள ஆளே இல்ல. ஆளு குந்திக்கினு இருக்கற மாரி கீது."

மூன்றாம் நாள் விடியற்காலை அக்காவுக்கு வலி எடுத்தது. வேறு வண்டி கிடைக்கவில்லை. அக்கா இடது கதவைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் வேணாங்க்கா..."

"வுடுடீ, இப்டி சாஞ்சாதான் வாட்டமா கீது," என்று உட்கார்ந்துவிட்டாள். வலது பக்கம் அம்மா. முன்னால் அண்ணனும் நானும். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். செங்கல்பட்டு வரை ஒரு சத்தமும் வரவில்லை.

ஆண் குழந்தை. அக்காவும் நன்றாக இருந்தாள். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் அக்கா சொன்னாள். "வழியெல்லாம் முதுவுல தட்டிக் குடுத்துக்கினே வந்தம்மா நீ. அதாலதான் வலியே தெர்ல."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நா எங்கடீ தட்டினேன்? என் ரெண்டு கையையும் நீதான இறுக்கிப் புடிச்சிக்கினு இருந்த?"

அதன் பிறகு காரில் சத்தம் வரவில்லை. ஆசாத் பாய் மறுபடி அளந்தார். இரண்டு பக்கமும் நான்கு விரல். "இன்னா பண்ண?" என்று கேட்டார். "ஒண்ணுமே பண்ல பாய்," என்றான் அண்ணன்.

வீட்டில், அம்மாவின் பழைய புடவையில் குழந்தைக்கு ஏணை கட்டி, கடையில் வாங்கிய ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். குழந்தை அழுவான். யாராவது எழுந்து போவதற்குள் அடங்கிவிடுவான். உள் அறையிலிருந்து அக்கா சந்தோஷமாகக் குரல் கொடுப்பாள். "நல்லா தட்டுறடீ! நீ தட்டினாத்தான் தூங்குறான்."

நான் அவனை ஒரு முறைகூடத் தட்டியதில்லை.

போன வாரம் ஆசாத் பாய் வந்து அண்ணனிடம் தாழ்ந்த குரலில் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"தாமலுக்கு ஒரு வேலையா போனேன். உன் வண்டி, அத வித்தவங்க வூட்டு மருமவளோடதாம். கைக்கொழந்தைக்கு ஜொரம்னு இந்தக் கார்லதான் தூக்கிக்கினு போயிருக்கு. பாதி வழிலயே போயிடுச்சாம் கொழந்த. அது தெரியாம ஆஸ்பத்திரி வரைக்கும் தட்டிக்கினே போயிருக்கு. அப்பறம் அந்தப் பொண்ணு வூட்டுக்குள்ளவே வர்லயாம். நாளெல்லாம் கார்லயே குந்திக்கினு வெறும் சீட்ட தட்டிக்கினு... ஒரு நாள் அங்கியே உயிர் போயிடுச்சி."

"எந்தப் பக்கம் பாய்?" என்றான் அண்ணன்.

"லெஃப்டு."

நேற்றுக் காலை பத்து மணி. அம்மா குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஏணை காலி. குழந்தையை எடுத்தால் ஸ்பிரிங் சுருங்கி மேலே ஏற வேண்டும்.

ஏறவில்லை.

இழுபட்டபடியே நின்றது.

டப்... டப்... டப்...

பின்பக்கத்திலிருந்து அம்மா கத்தினாள். "வெறும் ஏணைய ஆட்டாத, கொழந்தைக்கு ஆவாதுன்னு எத்தினி தடவ சொல்றது உனக்கு?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். என் இரண்டு கையிலும் குழந்தையின் துண்டு இருந்தது.

கிலிங்.