ஆலைச் சங்கு ஊதிய காலை

காலை ஆறே முக்காலுக்கு ஆலைச் சங்கு ஊதியது. வேலை நிறுத்தம் தொடங்கியதிலிருந்து அது ஊதவே இல்லை. முதலியார்பேட்டையில் எங்கள் தெரு அடுப்பு மூட்டுவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அந்தச் சங்கை வைத்துத்தான். அது நின்றுபோன வாரங்களில் யாருக்கும் வேளை தெரியவில்லை.

நான் மேரியில், அதாவது நகரசபையில், குமாஸ்தா. என் மகன் படிப்பைப் பாதியில் விட்டு ஆலையில் தறி ஓட்டப் போனவன். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறினால் கூலியும் உயரும் என்று அவனும் கூட்டாளிகளும் நம்பியிருந்தார்கள். கொடி மாறி வெகுநாளாகியும் கூலி அப்படியே கிடந்தது. அதற்காகத்தான் தறிகளை நிறுத்தினார்கள். மருமகள் முழுகாமல் இருந்தாள். அவன் வேலை போய்விடுமோ என்பதைத் தவிர நான் வேறெதையும் நினைக்கவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்தால் யூனியன் ஆள் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து சொல்வார், அதுவரை யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய ஏற்பாடு. அன்று சைக்கிள் வரவில்லை. ஆனாலும் கதவுகள் திறந்தன. முதலாளி இறங்கி வந்திருப்பார் என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் அதையே செய்தியாகச் சொன்னார். பழைய சோறு தூக்குகளில் ஏறியது. மகனோடு ஒரே வரிசையில் தறி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாடா, ஒனக்கு மட்டும் வெத்தல பாக்கு வச்சி அழைக்கணுமா? சங்கே ஊதிட்டுது, கெளம்பு."

"சைக்கிள் வரல சித்தப்பா. இது மொதலாளி ஆளுங்க செய்யுற வேல. போவாதீங்க."

அவர் போய்விட்டார். மகன் சட்டைகூடப் போடாமல் பின்னால் ஓடினான். நான் அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

கேட்டில் அவன் கைகளை விரித்து நின்று எல்லோரையும் திரும்பிப் போகச் சொன்னான். பாதிப் பேர் ஏற்கெனவே உள்ளே. மற்றவர்கள் தயங்கினார்கள். ஆனால் முகம் கழுவி, தூக்கோடு வந்துவிட்ட மனிதனுக்கு வீடு திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். ஒவ்வொருவராக அவன் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்கள். உள்ளே காத்திருந்த போலீஸ்காரர்கள், வேலைக்கு வருபவர்களைத் தடுத்ததாகச் சொல்லி அவனை வண்டியில் ஏற்றினார்கள். சட்டையையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டை மூடினார்கள். சற்று நேரத்தில் புகைபோக்கியில் புகை கிளம்பியது.

ஸ்டேஷனில் அவனைப் பார்க்க விடவில்லை. மேரியில் வேலை என்று சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் மருமகள் என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள், வாங்கி மடித்து வைத்தாள்.

பிற்பகல் மறுபடியும் சங்கு. இன்றும் அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். ஆட்கள் தெருவில் திரும்பினார்கள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லோருக்கும் நடை வேகமானது. யாரும் கூலியைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். படி ஏறவில்லை. தூக்கு திறக்கப்படாமல் அப்படியே கையில் இருந்தது.

"அண்ணே," என்றார், "பழைய கூலிதானாம். ஒங்க புள்ள தறியயும் எங்கிட்டயே குடுத்துட்டாங்க."