பதினாறாம் தேதிக் கெடு

புதுச்சேரிக்கு வந்த பதினோரு வருஷத்தில் தில்லையம்மாள் ஏழு வாடகை வீடு மாறிவிட்டாள். முத்தியால்பேட்டையில் குழந்தை அழுகிறது என்றார்கள். நெல்லித்தோப்பில் ஓடு ஒழுகுகிறது என்று அவள் சொன்னதே குற்றமாகிவிட்டது. ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. கிணற்று வாளியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை அவளுக்கு. எத்தனையோ சாவைப் பார்த்தும் கலங்காதவள், மாதப் பிறப்பில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் நடுங்கிப் போவாள்.

அதனால்தான் 1982 சித்திரையில் உப்பளத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், பஞ்சாலையில் வேலை பார்க்கும் புருஷன் சாமிக்கண்ணுவைக் கேட்காமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு அறை, ஒரு முற்றம், ஒரு முருங்கை மரம். வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் சுப்பராயன் பெண்டாட்டி பூவாயியோடு அதிலேயே குடியிருந்தார். தம்பி ஜானகிராமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சில் தூலோன் பக்கம் தங்கிவிட்ட சொல்தா. அப்பன் காலத்துத் தாய்ப்பத்திரம், அந்த நாளில் பத்திரம் பதிந்த நொத்தேர் கையால் பிரெஞ்சில் எழுதியது. அதில் இரண்டு பேர் பெயரும் இருந்ததால் இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

மே பதினேழாம் தேதி அக்ரிமெண்டு எழுதினார்கள். எழுதியவர் பத்திர எழுத்தர் நாராயணசாமி. மூன்று மாதம் கெடு. சுப்பராயன் எழுந்துபோய் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார்.

"ஆகஸ்ட் பதினாறு, திங்கக்கெழம. ஆடிக்குக் கடைசி நாளு. கடைசி நாள்ல தோசம் கெடையாது. தம்பியும் ஊருக்கு வந்துட்டு அன்னிக்கு ராத்திரிதான் ஏரோப்பிளான் ஏற மெட்ராசுக்குக் கெளம்புறான். அன்னிக்கே பத்திரத்த முடிச்சிக்கலாம்."

எல்லோருக்கும் சம்மதம். நாராயணசாமி தேதியை எழுதிவிட்டு, தில்லையம்மாளைப் பார்த்துப் படித்துக் காட்டினார். அந்தத் தேதிக்குள் மீதியைக் கட்டிப் பத்திரம் பதியவில்லை என்றால் முன்பணம் திரும்பாது. அக்ரிமெண்டும் வெறுங் காகிதம். முன்பணம் என்பது அவள் கழுத்துச் சங்கிலி. சரி என்று தலையாட்டினாள்.

ஆடியில் கனகசெட்டிக்குளத்து மீன் வியாபாரி உத்திராபதி ஸ்கூட்டரில் வந்து இறங்கி, முற்றத்தை அடியால் அளந்துவிட்டுப் போனதாகத் தெருவில் பேச்சு. கூடுதல் விலைக்கு ஆள் காத்திருக்கிறது என்பது தில்லையம்மாளுக்குப் புரிந்தது. அவள் மீதிப் பணத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் பத்து, செவ்வாய்க்கிழமை. வார்டில் டூட்டி போட்டுக்கொண்டிருந்த வசந்தா சிஸ்டர் பேனாவைக் காதில் செருகியபடி கேட்டாள்: "பதினாலு ரெண்டாவது சனி, பதினஞ்சு, பதினாறு. மூணு நாளும் லீவு. யாரு யாரு வரீங்க?"

"பதினாறு இன்னா லீவு சிஸ்டர்?"

"நல்லா கேட்ட போ! பாண்டிச்சேரிய இந்தியாவோட சட்டப்படி சேத்த நாளு இல்ல? நமக்கு மட்டும் லீவு. விழுப்புரத்துல ஆபீசு தொறந்திருக்கும்."

தில்லையம்மாள் கையில் இருந்த போர்வை நழுவியது. சுப்பராயன் வீட்டு நாள்காட்டி விழுப்புரத்துத் துணிக்கடை கொடுத்தது. அதில் பதினாறு கறுப்பு எழுத்தில்தான் இருந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தி கடற்கரையில் அந்த நாளுக்குக் கொடியேற்றியதைப் பிள்ளைகளோடு போய் அவளே பார்த்திருக்கிறாள். இருந்தும் அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டூட்டி முடிந்ததும் நாராயணசாமியிடம் ஓடினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கே தோணலியேம்மா! ரிஜிஸ்டர் ஆபீசு தொறந்திருக்கிற கடைசி நாளு பதிமூணு, வெள்ளிக்கெழம."

"கெடுவ நீட்டி எழுதினா?"

"எழுதலாம். அதுக்குள்ள தம்பி போயிடுவாரே. அப்புறம் பவர் பத்திரம், அங்க முத்திர, இங்க முத்திர... வர்றதுக்கு ஆறு மாசமோ ஒரு வருசமோ. அதுவரைக்கும் அவங்க மனசு மாறாம இருக்கணும்."

"ஆறின கஞ்சி பழங் கஞ்சி. வெள்ளிக்கெழமைக்கே எழுதி வையுங்க ஐயா."

"ஆடி வெள்ளிம்மா. சுப்பராயன் ஒத்துக்கணுமே!"

நேராக உப்பளம் போனாள். சுப்பராயன் ஒத்துக்கொள்ளவில்லை. பூவாயி ஒத்துக்கொள்ளவே விடவில்லை.

"ஆடியில ஊட்ட எழுதிக் குடுத்துட்டு மூட்டைய தூக்கினு தெருவுல போவணுமா? குடி வௌங்குமா? உனக்கு அவசரம்னா எங்களுக்கு இன்னாடி?"

"ஒரே ஒரு நாளு தள்ளி செவ்வாக்கெழம ஆவணி ஒண்ணு" என்றார் சுப்பராயன். "நான் வாக்கு குடுக்கறேன்."

"உங்க வாக்கு இங்க இருக்கும்ணே. உங்க தம்பி கையெழுத்து ஏரோப்பிளான்ல போயிடுமே!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜானகிராமன் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கெழம, அதுவும் பதிமூணாந் தேதியா? பிரான்சுல அன்னிக்குப் பாதிப் பேரு பயந்துகினு ஊட்டவுட்டே வர மாட்டான். மீதிப் பேரு லாட்டரி சீட்டு வாங்குவான்."

"நான் சீட்டு வாங்குற கட்சிண்ணே."

அவர் மறுபடி சிரித்தார். ஆனால் பூவாயி சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் தில்லையம்மாளுக்கு ஒன்று பிடிபட்டது. பூவாயிக்குப் பயம் பத்திரத்தின் மேல் இல்லை. மூட்டை தூக்குவதன் மேல்.

"அக்கா, பத்திரம்தான் வெள்ளிக்கெழம. ஊட்ட யாரு காலி பண்ணச் சொன்னா? ஆவணி பத்து வரைக்கும் இருங்க. வாடக வேணாம். ஆடியில நீங்களும் வெளிய போவ வேணாம், நானும் உள்ள வர மாட்டேன்."

பூவாயி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தம்பியைப் பார்த்தார். தம்பி, "எனக்கு அன்னிக்கு வேற வேலை இல்லை" என்றார்.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட சாமிக்கண்ணு சட்டையைக் கழற்றாமலே குதித்தான். "புத்தி இருக்குதா உனக்கு? பணமும் குடுத்து ஊட்டையும் அவங்க கிட்டயே உட்டா, உள்ளயே ஒக்காந்துட்டா இன்னா பண்ணுவ?"

"உள்ள ஒக்காந்தவங்கள எழுப்பலாம். கையெழுத்து போட வேண்டியவரு ஏரோப்பிளான்ல ஒக்காந்துட்டா எவன் எழுப்புவான்?"

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அது முடிந்துதான் புறப்படுவேன் என்று சுப்பராயன் சொல்லியிருந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பணத்தோடு சாமிக்கண்ணுவை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு அடித்ததும் தில்லையம்மாள் உப்பளத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே உத்திராபதி.

"அவசரப்படாதீங்கண்ணே. ஆவணியில நல்லநாள் பாத்துப் பண்ணிக்கலாம். நாம்ப எங்க ஓடிப் போறோம்?"

சுப்பராயன் பாதிச் சட்டையில் நின்றார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. தில்லையம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"உத்திராபதி அண்ணே, வண்டி நல்லா இருக்குது. நல்ல நேரத்துல வந்தீங்க. இவர ரிஜிஸ்டர் ஆபீசுல எறக்கி உட்டுடுங்க. நானும் சின்னண்ணனும் ரிக்‌ஷாவுல வந்துடறோம்."

அறையிலிருந்து சொல்தா பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. உத்திராபதிக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து வெளியே போய் வண்டியை உதைத்தார். சுப்பராயன் மற்றொரு கையையும் சட்டைக்குள் விட்டார். "இந்தப் பொம்பள நம்மள உட மாட்டா. வாடா தம்பி, நடக்கலாம்."

இரண்டே முக்காலுக்கு அண்ணன் கையெழுத்துப் போட்டார், அடுத்தது தம்பி. அதன்பின் தில்லையம்மாளின் பெருவிரலை மசியில் அழுத்தினார்கள். "எனக்குக் கையெழுத்துப் போட வரும்" என்றாள். "இது எல்லாருக்கும் உண்டும்மா" என்றார் குமாஸ்தா. வெளியே வந்த பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது.

தம்பி சொன்னபடி பதினாறாம் தேதி ராத்திரி கிளம்பிப் போனார். அண்ணன்தான் சொன்னபடி கிளம்பவில்லை. ஆவணி பத்து வந்தது. அவர்கள் குடி போகவிருந்த மகன் வீட்டில் இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்றாள் பூவாயி. சாமிக்கண்ணு பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பதினோராம் நாள் காலையில் தில்லையம்மாள் புருஷன் பிள்ளைகளோடு தட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து முன்னறையில் இறக்கினாள். ஒரு செம்புப் பாலோடு அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, கொஞ்சம் அடுப்ப குடுங்க. பால் காச்சணும்."

பூவாயி நகர்ந்துகொண்டாள். பால் பொங்கியது. முதல் டம்ளரை அவளுக்கே கொடுத்தாள் தில்லையம்மாள். எட்டு நாள் ஒரே அடுப்பில் இரண்டு உலை கொதித்தது. இரண்டு பேரும் மாறிமாறி முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. எப்போது போகிறீர்கள் என்று அவள் வாய் தவறிக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் ருசி அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நாளையிலேர்ந்து இவருக்கு ராத்திரி ஷிப்டு. பகல்ல தூங்கணும். முன்னறையில ஒரே வெளிச்சம். அதனால உள் அறையில படுக்கச் சொல்லியிருக்கறேன். உங்க கட்டில கொஞ்சம் சுவரோரமா தள்ளிப் போட்டுக்கறேன், சரியா?"

பூவாயி உள் அறைக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, தட்டுவண்டிக்காரன் கெடைப்பானான்னு பாத்துனு வாங்க. வெள்ள அடிக்காட்டிப் பரவால்ல."