மூட்டு வலிக்குக் கேலாங் சிராய் வரை

வாத வலிக்கு உருவிவிட்டுக்கொள்ளப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் குடியிருந்தபோது. பஸ் நம்பரெல்லாம் இப்போது உதவாது. மற்றது உதவும்.

முதல் பிள்ளை பிறந்த சில மாதத்தில் முழங்காலும் மணிக்கட்டும் வீங்கிக்கொண்டன. முழுசாகத் தீராது, மாத்திரையை விடாதே என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. முடியவில்லை என்றால் பிள்ளையோடு உன்னை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன? போனால் எப்போது திரும்புவேனோ! அன்றிலிருந்து யார் கேட்டாலும் "பரவால்ல" என்பதே என் பதில்.

உருவிவிட்டால் வீக்கம் வடியும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, பிள்ளையையும் அவரே பார்த்துக்கொள்ள, ஒரு சனிக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். நாலு மைல் இருக்கும், பஸ்ஸுக்கு ஆளுக்குப் பதினைந்து காசு. அந்தப் பஸ் படியின் உயரம் இருக்கிறதே, அதைக் கட்டியவனுக்கு முட்டியே இல்லை போலும். கேலாங் சிராய் சந்தைக்குப் பின்னால் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பலகை வீட்டில் இருந்தார் உருவிவிடும் மலாய் அம்மா. எல்லோருக்கும் அவர் மக்சிக், நம் பேச்சில் பெரியம்மா. கூலி இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர்.

பெண்கள் அறை என்பதால் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்தார். மக்சிக் இஞ்சி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைத் தடவி, ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் "சாக்கிட்?" என்று கேட்டார், வலிக்கிறதா என்று. நடுவே பலகைச் சுவர்தான், வெளியே கேட்குமே! "தா சாக்கிட்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை என்கிறாளே என்று அவரும் இன்னும் அழுத்தினார். அந்த வாரம் முழுக்க முட்டி பூசணிக்காய்தான்.

அடுத்த சனிக்கிழமை மக்சிக் முட்டியைப் பார்த்தார். போர்வையை என் மேல் இழுத்துவிட்டு, வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார். "சுவரைப் பார்த்து உட்காரு. இவ கையைப் பிடிச்சுக்க. இவ இறுக்கினா என்கிட்ட சொல்லு" என்றார் மலாயில்.

இந்தத் தடவை வீங்கிய மூட்டைத் தொடவே இல்லை. கெண்டைக்காலையும் தொடையையும் மெதுவாக உருவினார். அதற்கே என் கை தானாக இறுக்கியது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் திரும்பாமலே, "பெலான், பெலான்" என்றார், மெதுவாக என்று. என் வலி முழுக்க அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. தொலைந்தோம், கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர், நான் இறுக்கிய விரல்களை நீவிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு வலியா? எத்தன நாளா?"

"புள்ளையத் தூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து." அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. "எப்பக் கப்பல்?"

பஸ் காலாங் பாலத்தைத் தாண்டியது. "கப்பல்ல யாரு கையப் புடிப்பே?" என்றார். "அடுத்த சனிக்கிழமையும் போலாம்லா."

பஸ்ஸென்றும் பாராமல் அழுதேன்.

வாதம் தீரவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் உருவிய இரவுகளில் தூங்கினேன், அது சின்ன விஷயமில்லை. நீங்கள் போவதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீங்கிய மூட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கூட வருகிறவரை மட்டும் வாசலில் உட்கார வைக்காதீர்கள்.