ஜூம் இல்லாத கேமரா

உட்காருங்க தம்பி. ஹிஞ்சவாடியிலருந்து கோர்படி வரைக்கும் இந்த மழையில பைக்ல வந்திருக்கீங்க, அந்த ட்ராஃபிக்கைத் தாண்டி வந்ததுக்கே உங்களுக்கு டீ குடுக்கணும். கேமரா அதோ மேஜை மேல இருக்கு, தாராளமா எடுத்துப் பாருங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். சொல்லாம வித்துட்டா எனக்குத் தூக்கம் வராது. இப்ப மட்டும் என்ன வாழுது, அது வேற விஷயம்.

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்தப் பேய், பிசாசு, ஆவி எதுலயும் நம்பிக்கை கிடையாது. கேம்ப் ஏரியாவுல ஒரு ஆபீஸ்ல வருஷக்கணக்கா கணக்கு பாக்கறவ நான், கூட்டிப் பாத்துச் சரியா வந்தாதான் ஒத்துப்பேன். வாசல்ல திருஷ்டிக்குக் கட்டுன எலுமிச்சம்பழத்தைக் கழட்டி ரசம் வெச்சவள்னு எங்க வீட்ல இன்னும் என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. அதனால நீங்க நம்பலைன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். நானா இருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கேமராவை எங்க வீட்டுக்காரர்தான் வாங்குனாரு, ரிட்டயர் ஆன கையோட. பெட்டியைப் பிரிச்சதும் எனக்கு வந்த கோவம் இருக்கே! உள்ளங்கையில அடங்கற சைஸு, பாக்க ஒரு சோப்பு டப்பா, ஆனா விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். சரி, இதுல என்னதான் இருக்குன்னு கேட்டா ஜூம் கிடையாதாம். ஃப்ளாஷ் கிடையாதாம். ஸ்கிரீனைத் திருப்ப முடியாதாம், வெயில்ல பாத்தா அதுல ஒண்ணும் தெரியவும் தெரியாது. ஜூம் கூட இல்லாம எதுக்குய்யா இவ்வளவு காசுன்னு கேட்டேன். அதுக்கு அவரு, "கால் இருக்குல்ல செல்வி. ரெண்டு அடி முன்னாடி போனா ஆச்சு"ன்னாரு. ரயில்வேல தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே மைல் கணக்கா நடந்து வேலை பாத்த மனுஷன், அவருக்கு எல்லாத்துக்கும் கால்தான் பதில்.

ஆனா குறை மட்டும் சொல்லக் கூடாது, நியாயம்னு ஒண்ணு இருக்கு. பட்டனைத் தொட்டதும் ரெடி. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போகலாம். பெரிய கேமராவைத் தூக்குனா ஜனங்க முறைப்பா நிப்பாங்க, இதை யாரும் கண்டுக்கறதே இல்ல. ஒரே ஒரு பல்பு வெளிச்சத்துல நான் சமைக்கறதை ஒரு நாள் எடுத்தாரு, தாளிக்கற புகை கூட அப்படியே விழுந்திருந்துச்சு. பேட்டரிதான் மோசம், வெயில்ல வெச்ச ஐஸ் மாதிரி இறங்கும். எக்ஸ்ட்ரா பேட்டரி ஒண்ணு வாங்கித் தர்றேன்னாரு, வாங்கவே இல்ல. அப்புறம் மழைக்கு ஆகாது. இந்த ஊர் மழைக்கு இதை வெளிய எடுக்கறதே பயம்.

வாங்கி கொஞ்ச மாசம்தான் ஆசையா வெச்சிருந்தாரு. அந்தக் குளிர்காலத்துல ஒரு நாள் பாத்ரூம்ல விழுந்தாரு. ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் ரெண்டும் போச்சு, பேச்சும் குழறுச்சு. கையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. காலு வரல. பிசியோதெரபிக்கு வர்ற பொண்ணு தெளிவாச் சொல்லிடுச்சு, காலுல இன்னும் உயிர் இருக்கு ஆன்ட்டி, ஆனா அவரே மனசு வெச்சுத் தரையில ஊனணும், இப்படியே விட்டா அப்புறம் எப்பவுமே வராதுன்னு. இவரு மனசு வைக்கல தம்பி. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், மூஞ்சியைத் திருப்பவே மாட்டாரு.

என் பாடு என்னன்னு கேக்காதீங்க. காலையில அவரைத் துடைச்சு, டிரஸ் மாத்தி, சமைச்சு வெச்சுட்டு ஆபீஸ், ஆபீஸ் விட்டு வந்து மறுபடியும் முதல்லருந்து. பகல்ல பாத்துக்க ஒரு மாவ்ஷி வருவாங்க, மராட்டிக்கார அம்மா, தங்கமானவங்க. அவங்க இல்லைன்னா நான் என்னிக்கோ படுத்திருப்பேன். பஸ்ல சீட்டு கிடைச்சாக் கூட உட்கார மாட்டேன், உட்கார்ந்தா தூங்கிடுவேன், ஸ்டாப் போயிடும். அந்த அளவுக்கு அசதி.

அப்பதான் பால்கி வந்துச்சு. இந்த ஊருக்கு நீங்க புதுசு, பாத்திருக்க மாட்டீங்க. ஆனி மாசத்துல தேஹுலருந்தும் ஆளந்திலருந்தும் சாமியாருங்களோட பாதுகையைப் பல்லக்குல வெச்சுக்கிட்டு, பண்டர்பூர் வரைக்கும் லட்சக்கணக்குல ஜனங்க நடந்தே போவாங்க. நம்ம கேம்ப் பக்கம் புல்கேட் வழியாத்தான் போகும். இவரு வருஷா வருஷம் அதைப் பாக்காம இருந்ததில்ல. அந்த வருஷம் பால்கிக்கு முந்தின நாள் சுவத்துலருந்து திரும்பி, எத்தனையோ நாளைக்கப்புறம் என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. "நாளைக்கு நீ போயி எனக்கு ஒரு போட்டோ எடுத்துட்டு வா. கிட்ட போயி எடு." அவரா ஒண்ணு கேட்டதே எனக்குப் பெருசாப் பட்டுச்சு. இதுல மனசு கொஞ்சம் அசைஞ்சா கால் அசையாதான்னு ஒரு நப்பாசை. ஆபீஸுக்கு லீவு சொன்னேன்.

விடிஞ்சதுலருந்து தூறல். கேமரா நனையக் கூடாதேன்னு பாவ் ரொட்டி வாங்குன பிளாஸ்டிக் கவர்ல போட்டு, லென்ஸுக்கு மட்டும் கத்தரியால ஓட்டை வெட்டிக்கிட்டேன். மாவ்ஷியைச் சீக்கிரமே வரச் சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சுப் போனேன், பாதியில போலீஸ் தடுத்துட்டாங்க, மிச்சம் நடைதான். புல்கேட்ல கூட்டம்னா கூட்டம். ரோடு முழுக்க வெள்ளைத் தொப்பியும் தாளச் சத்தமும், பொம்பளைங்க தலையில துளசி மாடம். ஒரு மூடுன கடை ஷட்டர் முன்னாடி தகரக் கூரை இருந்துச்சு, அதுக்கு அடியில போயி ஒதுங்குனேன். அவ்வளவுதான் தம்பி, அதுக்கு மேல என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல. எனக்கும் ரோட்டுக்கும் நடுவுல நாலஞ்சு வரிசைக்கு ஆளுங்க, குடை, தோள் மேல குழந்தைங்க. முட்டி மோதி முன்னாடி போகத் தெம்பு இல்ல. நின்ன இடத்துலருந்தே கையைத் தூக்கி நாலு எடுத்தேன். ஜூம்தான் இல்லையே, ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் குடையும் பின்மண்டையும்தான், சாமி ஊர்வலம் எங்கயோ எறும்பு மாதிரி தெரியுது. கடைசியா ஒண்ணு அழுத்துனேன், டக்குன்னு ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. பேட்டரி காலி. இதுதான் நான் எடுத்த லட்சணம்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்த மனுஷன் ஆசையாக் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

வீட்டுக்கு வந்தா வாசல்லயே மாவ்ஷி நிக்கறாங்க, மூஞ்சி சரியில்ல. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. இவரு அசந்து தூங்கறாரு. மாவ்ஷி போர்வையைத் தூக்கிக் காட்டுனாங்க.

வலது கால்ல சேறு. உள்ளங்கால் முழுக்க, விரல் இடுக்கு வரைக்கும். ரோட்டுச் சேறு, ஈரம் கூடக் காயல. இடது கால் நான் காலையில துடைச்சு விட்ட மாதிரியே சுத்தமா இருந்துச்சு. போன கால்ல சேறு, இருக்கற கால்ல ஒண்ணும் இல்ல.

எனக்கு மாவ்ஷி மேலதான் கோவம் வந்துச்சு. வெளிய இழுத்துட்டுப் போனீங்களா, கீழ போட்டீங்களான்னு கத்துனேன். அவங்க அழுதுட்டாங்க. "பாண்டுரங்காச்சி ஷப்பத், தாயி"ன்னு பண்டர்பூர் சாமி மேல சத்தியம் பண்ணாங்க, காலையிலருந்து இவரு கண்ணே திறக்கல, நான் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திரிக்கலன்னு. பாத்தேன், கட்டில்லருந்து வாசல் வரைக்கும் தரையில ஒரு பொட்டு சேறு இல்ல. அப்புறம் அவங்களை என்னன்னு கேக்கறது? துணியை நனைச்சுத் துடைச்சு விட்டேன். அவரு எழுந்திரிக்கவே இல்ல.

சாயங்காலம் பேட்டரியைச் சார்ஜ் பண்ணிப் போட்டேன். முதல் போட்டோக்கள் எல்லாம் நான் சொன்ன மாதிரிதான், குடையும் மண்டையும். கடைசிப் போட்டோ வந்துச்சு.

அது நான் நின்ன இடத்துலருந்து எடுத்தது இல்ல தம்பி. ரோட்டு நடுவுல, நடக்கறவங்களோட நடந்துக்கிட்டே எடுத்த மாதிரி. ஒரு கிழவி, தலையில துளசி மாடம், கன்னத்துல மழைத்துளி, கை நீட்டுனா தொட்டுடலாம். நேரா லென்ஸைப் பாத்துச் சிரிக்கறா. தெரிஞ்சவங்களைப் பாத்தா சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அவளுக்குப் பின்னாடி கூட்டம், கூட்டத்துக்குப் பின்னாடி ஒரு மூடுன ஷட்டர், தகரக் கூரை. அதுக்கு அடியில பச்சைப் புடவையில ஒரு பொம்பளை, மூஞ்சிக்கு முன்னாடி வெள்ளை பாவ் கவரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா.

நான்தான் அது.

நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. வேற யாராவது எடுத்திருப்பாங்கன்னு. கேமரா என் கையை விட்டுப் போகல, மணிக்கட்டுல கயிறு மாட்டியிருந்தேன். படத்தை வெட்டிப் பெருசாக் காட்ட க்ராப் பண்ற பட்டன் ஒண்ணு இதுல இருக்கு, அதுவும் தெரியும். கேம்ப்ல கேமரா கடைக்காரர்கிட்ட கார்டைப் போட்டுக் காட்டுனேன், வெட்டல மேடம், முழு சைஸ், நேரம் கூடச் சரியா இருக்கு, இவ்வளவு கிட்ட போயி நல்லா எடுத்திருக்கீங்கன்னு பாராட்டு வேற. நான் கார்டை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

இவருகிட்ட அன்னிக்குக் காட்டலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு, கேட்டதே அவருதானேன்னு காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. கிழவியைப் பாக்கறாருன்னு நினைச்சேன். இடது கை விரலை எடுத்து, பின்னாடி சின்னதாத் தெரிஞ்ச என் மேல வெச்சாரு. "நீ இப்படியா நிக்கறே, செல்வி?"ன்னாரு. நானும் அப்பதான் பாத்தேன். தோள் ரெண்டும் தொங்கி, முதுகு வளைஞ்சு, அந்த ஷட்டர் இல்லைன்னா விழுந்திருப்பா போல ஒருத்தி. என்னை நானே அப்படிப் பாத்ததில்ல. இத்தனை மாசமா சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தவரு என்னைப் பாத்துட்டாருன்னு எனக்கு அப்படி ஒரு அழுகை. அவரும் அழுதாரு. மறுநாள் பிசியோ பொண்ணு வந்தப்போ யாரும் சொல்லாமலே வலது காலைத் தரையில ஊனுனாரு. இப்ப வாக்கர் பிடிச்சு கேட்டைத் தாண்டிப் போறாரு, மருந்து மாத்திரை வாங்க நான்தான் ஓடணும்னு இல்ல, பக்கத்து மெடிக்கலுக்கு அவரே போயிட்டு வந்துடறாரு.

அன்னிக்கு எங்க போனீங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். தூங்கிட்டுத்தானே இருந்தேன்னு சொல்வாரு. பொய் சொல்ற மனுஷன் இல்ல. கேமராவும் அதுக்கப்புறம் ஒழுங்காத்தான் இருக்கு, நான் எங்க நிக்கறேனோ அங்கருந்துதான் படம் விழுது. அதனால பயப்படாம வாங்குங்க.

அப்ப ஏன் விக்கறீங்கன்னு கேப்பீங்க. இந்த வருஷப் பால்கிக்கு அவரையும் புல்கேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். டீக்கடைக்காரர் ஒரு சேர் குடுத்தாரு, ரோட்டோரமா உட்கார வெச்சேன். வாக்கரைப் பின்னாடி சாத்தி வெச்சிருந்தேன், ரெண்டு கால்லயும் ஷூ, பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நடந்து போற கூட்டத்துலருந்து ஒரு கிழவி விலகி நேரா இவருகிட்ட வந்தா. தலையில துளசி மாடம். அதே மூஞ்சி தம்பி, அதே சிரிப்பு. ஒரு கையால மாடத்தைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு இவரோட வலது காலைத் தொட்டுக் கும்பிட்டா. ஒருத்தர் காலை ஒருத்தர் தொட்டு மாவுலின்னு, அதாவது தாயேன்னு, கூப்பிடறது அவங்க பழக்கம், அதை விடுங்க. அவ மராட்டில கேட்டா, "மாவுலி, போன வருஷம் இந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு போற வழியில ஹடப்சர்ல உட்கார்ந்துட்டீங்களே, அப்புறம் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தீங்களா?"ன்னு.

லட்சம் பேர் போற கூட்டம், வேற யாரையோ நினைச்சுக் கேக்கறான்னு நான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள இவரு சிரிச்சுக்கிட்டே, "ஹோ மாவுலி, போச்லோ"ன்னுட்டாரு. ஆமாம்மா, போய்ச் சேர்ந்துட்டேன்னு. அவ தலையை ஆட்டிட்டுக் கூட்டத்துல போயிட்டா.

கேமரா என் கையிலதான் இருந்துச்சு. நான் தூக்கவே இல்ல. தூக்கி அழுத்துனா எது விழும், எங்கருந்து விழும், அதுல நான் எப்படி நிப்பேன், அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், அப்ப நீங்க போனீங்களான்னு. பெரியவங்க ஒண்ணு கேட்டா பதில் சொல்ல வேண்டாமான்னுட்டு டீ கேட்டாரு.

அவ்வளவுதான். சார்ஜர் இந்தப் பையில இருக்கு, கார்டு மட்டும் தர மாட்டேன். அவரு உள்ளதான் தூங்கறாரு, நல்லாத்தான் இருக்காரு. நான்தான் தினமும் காலையில, அடுப்பு கூடப் பத்த வைக்காம, முதல்ல அவரு போர்வையைத் தூக்கி உள்ளங்காலைப் பாக்கறேன்.